யோனாவும் ஓர் அடைவுத் துண்டும்: ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணம் வலிகாமத்தில் உள்ள ஒரு சபையில் 2023 பிற்பகுதியில் தொடங்கி ஒன்பது மாதமளவில் இழுபட்ட ஒரு விடயம் இது. குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களும் ஊரும் இல்லை. ஆட்களைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஓரிரு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். வேதப்படிப்பு நடத்துகிறவர்களுக்கும் வீட்டுச் சந்திப்புக்குப் போகிறவர்களுக்கும் பயன்படலாம். பிழைவிட்டவர்களில் நானும் ஒருவன்.

பின்னணி

தாய்க்கு அப்போது 58 வயது. கணவர் சந்தியில் சிறு கடை வைத்திருந்து மூடியவர். ஒரே மகன். அதே வளவின் பின்வீட்டில் கணவரின் மூத்த சகோதரி இருக்கிறார். விதவை, பிள்ளைகள் இல்லை. மகன் அவரை மாமி என்று கூப்பிடுவதால் நானும் இங்கே மாமி என்றே எழுதுகிறேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குப் பயந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் அடி அடியாக நகர்ந்த அந்தச் சனத்துக்குள், ஒன்பது மாதக் குழந்தையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு இந்தத் தாயும் நின்றார். பிள்ளைக்குக் காய்ச்சல். "அழுதுகொண்டிருக்குமட்டும் பயமில்லை. அழுகை நிண்டதும்தான் பயந்தனான்" என்று என்னிடம் சொன்னார். அந்த இடத்தில், நின்ற நிலையில், இவனைத் தப்பவைத்தால் உம்முடைய ஊழியத்துக்கே தருவேன் என்று நேர்ந்தார். பிள்ளை தப்பியது. தலையில் மூட்டையோடு இரண்டடி முன்னால் நின்ற கணவருக்கு இது தெரியாது. மகனுக்குப் பத்து வயதானபோதுதான் மனைவி சொல்லி அறிந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

2022 பொருளாதார நெருக்கடியில் மகன் ஏஜென்சி மூலம் பிரான்சுக்குப் போனான். காசில் ஒரு பங்கு மாமியின் நகையிலிருந்து வந்தது: ஒரு சங்கிலி, நாலு காப்பு, மொத்தம் 11 பவுண். அதை அடைவு (அடகு) வைத்தார்கள். ஒரு வருஷத்துக்குள் எடுத்துத் தருகிறோம் என்பது பேச்சு.

சுவரில் இருந்த அட்டவணை

2023 ஜூலையில் 'கீழ்ப்படியாமையின் விளைவுகள்' என்று நான் ஐந்து வாரம் வேதப்படிப்பு நடத்தினேன். மண்டபச் சுவரில் ஒரு பெரிய மட்டையைத் தொங்கவிட்டு, இடப்பக்கம் பெயரும் வலப்பக்கம் தண்டனையுமாக எழுதியிருந்தேன். ஆதாம், ஏவாள்: ஏதேனிலிருந்து துரத்தப்பட்டார்கள். லோத்தின் மனைவி: உப்புத்தூண். மோசே: கானானுக்குள் கால்வைக்கவில்லை. ஆகான்: கல்லெறிந்து கொல்லப்பட்டான். சவுல்: அரசு பறிபோனது. யோனா: மீனின் வயிறு. அனனியா, சப்பீராள்: நின்ற இடத்திலேயே மரணம். வலப்பக்கம் முழுவதும் சிவப்பு மை. வகுப்பு நன்றாகப் போனது என்றுதான் அன்று நினைத்தேன். எல்லாரும் கொப்பியில் பார்த்தெழுதினார்கள். இந்தத் தாய் முன்வாங்கில் இருந்தார்.

நடந்தது

ஒக்ரோபர் கடைசியில், பாரிஸ் புறநகர் உணவகம் ஒன்றின் குசினியில் மகனின் வலது கையில் கொதியெண்ணெய் கொட்டியது. முழங்கைவரை எரிந்துவிட்டது. ஆறு கிழமை வேலை இல்லை. செய்தி வந்த அன்றிரவே வீட்டில் ஜெபக்குழு கூடியது. அதை நடத்தும் சகோதரிக்கு நேர்த்தியைப் பற்றி முன்பே தெரியும். "உங்கட மகன் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறியிட்டார் எண்டு கர்த்தர் உணர்த்துறார்" என்றார். நினிவேக்குப் போகச் சொன்ன கர்த்தருக்குத் தப்பி யோனா ஓடப்பார்த்த ஊர் தர்ஷீஸ். அங்கிருந்த இன்னொருவர் ஆகானை எடுத்தார்: விலக்கப்பட்ட பொருளை அவன் ஒருவன் ஒளித்துவைத்ததற்கு ஆயி பட்டணத்தின் முன்னால் 36 பேர் செத்தார்கள், ஒருவருடைய கீழ்ப்படியாமை முழுக் குடும்பத்தையும் பிடிக்கும் என்று. இரண்டும் என் மட்டையில் இருந்தவை.

அடுத்து வந்த வாரங்களில் மூன்று காரியம் நடந்தன. தாய் 21 நாள் உபவாசம் தொடங்கினார். காலையும் மதியமும் சாப்பாடில்லை. ஆனால் சீனி வருத்தத்துக்குக் கிளினிக்கில் கொடுத்த குளிசையை வழக்கம்போல விடியவே போட்டார். அந்த வகைக் குளிசை சாப்பாடு உள்ளே போகாவிட்டாலும் சீனியைக் கீழே இறக்கும். ஒன்பதாம் நாள் ஜெபத்தில் வியர்த்து, கதை குழறி, வாங்கிலிருந்து சரிந்தார். ஓட்டோவில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இரண்டு இரவும் கட்டிலடியில் விழித்திருந்தவர் அந்த ஜெபக்குழுச் சகோதரிதான். இதையும் எழுதவேண்டும்.

மகன் கைநிறைய அனுப்பும் ஆள் இல்லை. அனுப்பியதில் மாதம் 25,000 ரூபாயை விபத்துக்குப் பிறகு தாய் எங்கள் சபைக்கு விசேஷ காணிக்கையாகக் கொடுக்கத் தொடங்கினார். நாங்களும் வாங்கி, 'ஒரு குடும்பத்தின் நன்றிக் காணிக்கை' என்று அறிவித்தலில் வாசித்தோம். எதற்கு நன்றி என்று யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது, தினமும் மகனுக்கு அழைப்பு எடுத்து, திரும்பி வந்து இறையியல் கல்லூரியில் சேர் என்று அழுதார். நவம்பர் நடுப்பகுதியிலிருந்து மூன்று கிழமை மகன் ஃபோனைத் தூக்கவில்லை.

முதல் சந்திப்பு

வைத்தியசாலையிலிருந்து வந்த மறுநாள் போனேன். விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு, கால்மணி நேரத்தில் யோவான் 9 ஆம் அதிகாரத்தை வாசித்தேன். பிறவிக்குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, பெற்றார் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்க, இரண்டுமில்லை என்று இயேசு சொல்கிற இடம். லூக்கா 13 இல் சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரையும் சேர்த்துக்கொண்டேன். முடித்துவிட்டு, கேள்விக்கு விடை கொடுத்தவனைப்போலத் தேத்தண்ணியைக் குடித்தேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அது பிறவிக்குருடன், தம்பி. அவன் ஒண்டுக்கும் நேரேல்லை. நான் நேர்ந்தவள்."

நான் வாசித்தது தவறான வசனம் இல்லை. ஆனால் அவருடைய வழக்கு அது இல்லை. வாக்குக் கொடுத்த ஒருவருக்கு, வாக்கே கொடுக்காதவனுடைய கதையைக் காட்டிவிட்டு எழும்பியிருக்கிறேன்.

எடுத்த முடிவுகள்

அன்று பின்னேரம் போதகரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது தாய் சாப்பிடுகிறாரா என்பதைத்தான். உபவாசத்தைப் பாதியில் விட்டதும் இன்னொரு கீழ்ப்படியாமை என்று அந்தத் தாய் நினைப்பார்; அதை விடுவிக்க நான் சொன்னால் காணாது, தான் போகவேண்டும் என்றார். போய் ஜெபித்து, உபவாசம் இத்தோடு முடிந்தது என்று வாய்விட்டுச் சொன்னார். மாமி அவித்த புட்டும் கதலி வாழைப்பழமும் சாப்பிடும்வரை கூடவே இருந்தார். குளிசை நேரத்தை மகனுக்குத் தெரிந்த ஒரு தாதி எழுதிக்கொடுத்தார்.

ஜெபக்குழுச் சகோதரியோடு மோத நான் தயாராக இருந்தேன். 1 இராஜாக்கள் 13 ஐ மனதில் வைத்திருந்தேன். தேவதூதன் சொன்னான் என்று பெத்தேலின் கிழட்டுத் தீர்க்கதரிசி பொய் சொல்ல, அதை நம்பித் தனக்கு இட்ட கட்டளையை மீறிய தேவமனுஷனைச் சிங்கம் கொன்றுபோட்ட கதை. 'கர்த்தர் உணர்த்துறார்' என்கிறவர்களுக்குச் சரியான அடி என்று எனக்கு ஒரு சந்தோசமும் இருந்தது. போதகர் மறித்தார். அவர் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார், அவரை உடைத்தால் இரவில் அந்த வீட்டுக்குப் போக வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். சரி என்று விட்டேன். போதகர் தனியே அவரோடு கதைத்தார்.

எஞ்சியது வேதம். விளக்கம் சொல்லாமல், தாய் பயந்துபோன அந்த இடங்களையே அவரோடு இருந்து முழுதாக வாசிப்பது என்று தீர்மானித்தோம். ஒவ்வொரு கதையிலும் நாங்கள் தேடியது, கட்டளை கொடுத்தது யார், யாருக்கு, என்ன கட்டளை, வந்தது தண்டனைதான் என்று கதைக்குள் சொல்வது யார் என்பதை. நான்கு மாலை போனது. கணவரும் இருந்தார், பேசவில்லை. மாமி குசினிக்குள் நின்றார்.

நான்கு மாலைகள்

யோனா நாலே அதிகாரம். உரக்க வாசித்தால் கால்மணி நேரம் பிடிக்கும். எழுந்து நினிவேக்குப் போ என்பது யோனாவுக்கே, நேரடியாக வந்தது. அவன் அதைத் தெரிந்துகொண்டே யோப்பாவில் கூலி கொடுத்துக் கப்பல் ஏறினான். புயல் தன்னால்தான் என்று சொன்னதும் அவனே. மூன்றாம் அதிகாரத் தொடக்கத்தில் கர்த்தருடைய வார்த்தை இரண்டாந்தரம் அவனுக்கு வருகிறது என்று வாசித்தபோது தாய் நிறுத்தினார். "இது உங்கட மட்டையில இல்லையே?" இல்லைத்தான். மீனோடு நிறுத்தியிருந்தேன். ஆதாம் ஏவாளுக்குக் கர்த்தர் தோல் உடை செய்து உடுத்தியதையும் நான் எழுதவில்லை. கன்மலையை இரண்டுதரம் அடித்த மோசே கானானை இழந்தான், ஆனால் சனத்துக்கும் ஆடுமாட்டுக்கும் தண்ணீர் வந்தது. அதையும் எழுதவில்லை.

அதே யோனாவின் பெயர் 2 இராஜாக்கள் 14 இலும் வருகிறது. அங்கே இரண்டாம் யெரொபெயாம் கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாப்பானதைச் செய்துகொண்டே 41 வருஷம் ஆண்டான். எல்லையையும் பெருப்பித்தான், அதுவும் அமித்தாயின் மகன் யோனா சொன்ன வாக்கின்படி. கீழ்ப்படியாதவனுக்கு நல்ல காலம். சொன்னதைச் சொன்னபடி அறிவித்த எரேமியாவுக்கோ சேற்றுக்குழி. இவற்றை அருகருகே வைத்து வாசித்தபோது கணவர் மெல்லச் சிரித்தார். எனக்குத் தெரிய அந்த வீட்டில் அன்றுதான் முதல் சிரிப்பு.

இரண்டாம் மாலை நேர்த்திகளுக்கு. பிள்ளை தந்தால் உமக்கே தருவேன் என்று நேர்ந்து சாமுவேலைக் கொடுத்த அன்னாளின் கதை அவருக்கு மனப்பாடம். யெப்தாவை அவர் விரும்பவில்லை. வாயில் வந்ததை நேர்ந்துவிட்டு மகளைப் பறிகொடுத்தவன் கதை. எண்ணாகமம் 30 ஐ நான் ஆசையாகத் திறந்தேன். மனைவியின் பொருத்தனையைக் கணவன் கேள்விப்பட்ட நாளில் தடுத்தால் அது செல்லாது என்று சொல்லும் அதிகாரம். ஆனால் கேட்டும் பேசாமல் இருந்தால் உறுதிப்படுத்தியதாகக் கணக்கு என்று 14 ஆம் வசனம் முடிக்கிறது. கணவர் பேசாமல் இருந்தவர். ஆறுதலுக்கென்று தேடிப்போன வசனம் எதிர்ப்பக்கம் போய் நின்றது. வசனத்தை அதற்காக வளைக்கவில்லை. அன்று அதோடு எழும்பினோம்.

இதற்கிடையில் மகன் என் ஃபோனுக்கு ஒருநாள் பதில் சொன்னான். நேர்த்தியைப் பற்றி அவனுக்குத் தெரியவந்ததே பத்தொன்பது வயதில். "யோனாவுக்குக் கடவுள் நேர சொன்னவர், அண்ணா. எனக்கு அம்மா சொன்னவ. அதுவும் கம்பஸுக்குப் போற கிழமை." பிறகு, கை எப்படி என்று நான் கேட்க மறந்துவிட்டதையும் சொல்லிக்காட்டினான்.

மூன்றாம் மாலை லேவியராகமம் 27. இந்த அதிகாரத்தை எங்கள் வகுப்புகளில் யாரும் வாசிப்பதில்லை. ஆட்களைக் கர்த்தருக்கென்று நேர்ந்தால் அவர்களுக்கு ஒரு மதிப்பு வைத்து அதைச் செலுத்தலாம் என்கிறது: 20 வயதுமுதல் 60 வரை ஆணுக்கு 50 சேக்கல் வெள்ளி, ஒரு மாதம்முதல் ஐந்து வயதுவரை ஆண்குழந்தைக்கு 5 சேக்கல், அவ்வளவு இல்லாத ஏழைக்கு அவன் தகுதிக்கேற்ப ஆசாரியன் குறைத்துப் போடுவான். வீடு, வயல், மிருகம் என்று அடுத்தடுத்த வசனங்களில் 'மீட்டுக்கொள்ள', 'மீட்டுக்கொள்ள' என்று வந்துகொண்டே இருக்கும். நேர்த்தி மனிதனைக் கட்டி இறுக்கும் கயிறாக அன்றே இருக்கவில்லை என்று காட்டத்தான் நான் இதை எடுத்தேன்.

தாய் காட்டிய அக்கறை வேறு மாதிரி. "ஒரு சேக்கல் எவ்வளவு?"

ஏறத்தாழ 11 கிராம் என்றேன்.

"நேரேக்க அவனுக்கு ஒன்பது மாசம். இப்ப இருபத்தெட்டு. அஞ்சா, ஐம்பதா?"

கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போடத் தொடங்கினார். நான் திகைத்துப்போனேன். இன்னொரு காணிக்கைக்கு நானே விலைப்பட்டியல் கொடுத்துவிட்டேன் போலிருந்தது. அப்போதுதான் கணவர் வாய் திறந்தார்: "வெள்ளிக்குக் கணக்குப் பாக்கிறியள். அக்காவின்ர பவுண் இன்னும் மீட்கேல்லை."

குசினிக்குள் திருவலைச் சத்தம் நின்றது.

கொப்பி இருந்த பொலித்தீன் பையிலிருந்து தாய் ஒரு மடித்த கடதாசியை எடுத்து மேசையில் வைத்தார். அடைவுத் துண்டு. மடிப்பில் கிழியத் தொடங்கி, ஒட்டியிருந்தது. வட்டி கட்டிப் புதுப்பித்த திகதிகள் மட்டும் வரிசையாக இருந்தன. வாங்கிய கடன்தொகையில் ஒரு சதமும் இறங்கவில்லை. 2022 இல் வட்டி ஏறியதிலிருந்து கட்டிய காசையெல்லாம் வட்டியே தின்றுகொண்டிருந்திருக்கிறது. மகனிடம் நகை எப்போதோ எடுத்தாயிற்று என்று சொல்லியிருந்தார்கள்.

மாமி கதவடிக்கு வந்து நின்றார். தேங்காய்ப்பூ விரலில் ஒட்டியிருந்தது. "நான் கேக்கேல்லையே" என்றார். பிறகு, "சங்கிலி அவர் போட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான்காம் மாலைக்கு நான் வேறு ஒரு பகுதி ஆயத்தம் செய்திருந்தேன். தாயே மாற்றிவிட்டார், மாற்கு 7 ஐ வாசிக்கச் சொன்னார். தகப்பனுக்கும் தாய்க்கும் கொடுக்கவேண்டியதைக் கொர்பான், கடவுளுக்கு நேர்ந்தாயிற்று என்று சொல்லி நிறுத்துகிறவர்களை இயேசு கண்டிக்கும் இடம். தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்ற சொல் அங்கேதான் வருகிறது. லேவியராகமம் 6 இல் பிறனுடைய பொருளைத் திருப்பாமல் வைத்திருந்தவன் முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் பலியோடு வரவேண்டும். யோனாவிடம் தேடியவற்றில் மூன்றுக்கு, நகை விடயத்தில் விடை கிடைத்தது: கட்டளை யாருடையது, யாருக்கு, என்ன. கொதியெண்ணெய்க்கு அவை கிடைக்கவில்லை. இரண்டையும் முடிச்சுப் போட, அடைவு மீட்காததால்தான் கை எரிந்தது என்று சொல்ல, அறையில் ஒருவருக்கு வாய் உன்னியது. அந்த ஒருவர் கணவர். அதற்கும் வசனம் இல்லை என்று தாயே சொன்னார்.

பிறகு நடந்தவை

டிசெம்பரில் மகனுக்கு உண்மையைச் சொன்னார்கள். நகைக் கதையில் கோபப்பட்டான், ஆனால் ஃபோனை வைக்கவில்லை. கை ஆறி வேலைக்குப் போனபின் அடைவுக்கென்றே தனியாக அனுப்பினான். காணிக்கை நின்றது. 2024 ஏப்ரலில் காப்புகள் வந்தன, ஜூலையில் சங்கிலி. ஐந்தில் ஒரு பங்கை மாமி வாங்கவில்லை. "வந்தது காணும்" என்றார். சங்கிலியை அவர் போடுவதில்லை, பழைய பிஸ்கட் ரின்னுக்குள் வைத்திருக்கிறார்.

தாயின் சீனி இப்போது கட்டுப்பாட்டில் இருக்கிறது. சனிக்கிழமைகளில் மகன் எடுப்பான். ஊழியத்தைப் பற்றிய பேச்சு குறைந்துவிட்டது, இல்லாமல் போகவில்லை. ஜெபக்குழுச் சகோதரிக்கு என்மேல் வருத்தம். கீழ்ப்படியாமைக்கு விளைவு இல்லை என்று நான் போதிப்பதாக ஓரிருவரிடம் சொல்லியிருக்கிறார். நான் அப்படிப் போதிக்கவில்லை. பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்று சாமுவேல் சவுலுக்குச் சொன்னது சவுலுக்கு மட்டுமல்ல. ஆனால் அதைச் சொல்ல அனுப்பப்பட்ட சாமுவேல் அங்கே இருந்தான். எலிப்பாசும் கூட்டாளிகளும் யோபுவின் புண்ணைப் பார்த்துப் பாவத்தைக் கணக்கிட்டார்கள். கடைசியில் கர்த்தரின் கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது.

சபைக்கு வந்த மூன்று மாதக் காணிக்கை, 75,000 ரூபாய், கூரைத் தகட்டுக்குப் போயிருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று குழுவில் நான் கேட்டேன். காணிக்கையைத் திருப்பும் வழக்கம் இல்லை என்றார்கள். இது இன்னும் சரிவரவில்லை.

மாற்றியவையும் மாற்றவேண்டியவையும்

மட்டையை எடுத்துவிட்டேன். அதே தலைப்பை மறுபடி நடத்தினால் ஒவ்வொரு கதையையும் அதன் கடைசி வசனம்வரை வாசிப்பேன். யோனா ஒரு கேள்வியோடு முடிகிறது. ஒரு லட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட பேருக்காகப் பரிதபியாதிருப்பேனோ என்று கர்த்தர் கேட்க, யோனாவின் பதில் எழுதப்படவில்லை. அதை விட்டுவிட்டு மீனை மட்டும் படம் கீறிக்காட்டியது என் பிழை.

சபையில் உபவாசம் அறிவிக்கும்போது, குளிசை போடுகிறவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்கவேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்கிறோம். விசேஷ காணிக்கை தருகிறவரிடம் என்ன நினைத்துத் தருகிறீர்கள் என்று போதகர் இப்போது கேட்கிறார். சிலருக்கு அது பிடிப்பதில்லை. முதல் சந்திப்பில் வேதத்தைத் திறக்காமல் இருப்பது நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கும் காரியம்.

எனக்கு விடை தெரியாத ஒன்று மிஞ்சியிருக்கிறது. 1995 இல் அந்தப் பாலத்தடியில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா, விடுபட்டதா, இன்னும் நிற்கிறதா? போதகர் அதற்கென்று ஒரு ஜெபம் பண்ணி, நீங்கள் விடுதலையானீர்கள் என்றார். தாய் ஆமென் சொன்னார். கொஞ்ச நாள் கழித்து என்னிடம் தனியே கேட்டார்: "அப்ப என்ர நேர்த்தி முடிஞ்சுதா, தம்பி?" போதகர் ஐயா சொன்னவர்தானே என்றேன். தலையாட்டினார். போன மாதமும் கேட்டார்.